பதினொன்றரை மணிக்கு வெர்னா ஹால்மே

ராய்ஸ் டெர்வோவை வெர்னா ஹால்மே இன்னும் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. பெரிய ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் மன்னிப்பும் கோடைகாலமும் ஒன்று. எப்போதாவது வரும், வந்தாலும் நம்பி எதையும் நட முடியாது.

என் பெயர் வில்ஃப். குன்றின் அடிவாரத்தில் நாற்காலி லிஃப்டை ஓட்டுகிறவன். பனிச்சறுக்குக்கு வருகிறவர்களின் பின்புறத்துக்குக் கீழே சரியான நேரத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இருபத்திரண்டு குளிர்காலமாக என் உத்தியோகம். நடந்ததில் பாதியைப் பார்த்தேன், மீதியைக் கேட்டேன். தப்பிலும் எனக்கு ஒரு பங்கு உண்டு. அதனால் இதை நானே சொல்வதுதான் நியாயம்.

வெர்னா முப்பத்தொரு வருஷம் கிராமப்புறத்தில் தபால் போட்டவள். இடுப்பளவு பனியிலும் தபால் நிற்காது. யார் வீட்டுக்குக் கோர்ட் நோட்டீஸ் வருகிறது, யாருக்கு எந்த ஊரிலிருந்து வாசனைக் கடிதம் வருகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், வாயைத் திறக்க மாட்டாள். கணவன் ஒருவன் இருந்தான். குளிர் தாங்கவில்லை என்று அரிசோனாவுக்குப் போனான். வெர்னாவைத் தாங்க முடியாமலும் போயிருக்கலாம். அவன் போன மறுநாள் அவள் அவனுடைய சறுக்குப் பலகைகளை வெட்டி, நீராவிக் குளியலுக்கான சௌனா அறையின் அடுப்பில் போட்டு எரித்தாள். நல்ல சூடு கொடுத்தது என்றாள்.

பத்தொன்பது வயதில் அவள் குன்றின் மீட்புக் குழுவில் சேர்ந்தாள். சறுக்கும்போது விழுந்து காலை உடைத்துக்கொள்கிறவர்களுக்குக் கட்டுப்போட்டு, சறுக்குவண்டியில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவருவது அந்தக் குழுவின் வேலை. சம்பளம் கிடையாது. முதுகில் வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்பு ஜாக்கெட் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். அந்த வண்டிக்கு எஞ்சினும் இல்லை, அடியில் பனியைத் தேய்க்கும் ஒரு சங்கிலியைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி பிரேக்கும் இல்லை. முன்னால் இரண்டு நீண்ட கைப்பிடிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் நின்று சறுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். படுத்திருப்பவருடைய பாரம் முழுவதும் பின்னாலிருந்து தள்ளும். முழங்கால் இரண்டும்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். வெர்னா நாற்பது வருஷத்தில் யாரையும் கவிழ்த்ததில்லை. ஒருமுறை ஊர்ப் பாதிரியாரைக் கொண்டுவந்தாள். உடைந்த காலோடு அவர் வழியெல்லாம் உதிர்த்த வார்த்தைகளை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, என்னைத் தவிர.

ஐம்பத்தெட்டு வயதில் நோய் வந்தது. முதலில் மோப்பம் போயிற்று. சௌனாவில் எரியும் விறகுப் புகை தெரியவில்லை என்றாள். பிறகு கையெழுத்து எறும்பு மாதிரிச் சின்னதாயிற்று. பிறகு இடது கை தன்னிஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, நேரே என் லிஃப்ட் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பார்க்கின்சனாம்டா வில்ஃப்."

"அப்படின்னா?"

"உடம்பு என்னோடதுதானாம். ஆனா சொன்ன பேச்சு கேக்காதாம்."

"உன் உடம்பாச்சே. வேற எப்படி இருக்கும்?"

கையுறையைக் கழற்றி என் மூஞ்சியில் எறிந்தாள். அவள் அழவில்லை, ஆனால் எனக்கு அழுகை வந்தது.

அந்த வருஷம் முதல் பனி விழுந்ததும் அவள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்டுக்கு எண்பது தப்படிதான் இருக்கும். அதைக் கடக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. கதவு நிலை, வாசல், குறுகலான எந்த இடம் வந்தாலும் அவள் பாதம் பசைபோட்டு ஒட்டியதுபோல நின்றுவிடும். நான் பார்க்காததுபோல எண்ணெய் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக மேலே போனாள். பிறகு கீழே வந்தாள் பாருங்கள்.

நான் நாற்பது வருஷமாக அவள் சறுக்குவதைப் பார்க்கிறவன். அன்றைக்கு வந்ததுபோல அதற்கு முன் அவள் வந்ததே இல்லை. சரிவு தொடங்கிய இடத்தில் நோய் கழன்று விழுந்துவிட்டது போலிருந்தது. இடது, வலது, இடது, வலது என்று ஒரு தாளத்தில் முழங்கால்கள் மடங்கி நிமிர, பனித்தூள் பின்னால் எழும்ப, ஆடாத கையும் ஆடும் கையும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தன. நடக்க முடியாதவர்கள் சிலர் நடனம் ஆடுவார்கள், சைக்கிள் விடுவார்கள் என்று டாக்டரும் பிற்பாடு சொன்னாராம். வெர்னாவுக்கு டாக்டரின் விளக்கம் தேவைப்படவில்லை. அவள் இறங்கிக்கொண்டே கத்தியது அடிவாரம் வரை கேட்டது.

"டேய் பார்க்கின்சன்! புடிடா பாக்கலாம்! தைரியம் இருந்தா புடிடா!"

அன்று பதினான்கு முறை ஏறி இறங்கினாள். அந்த நோயைப் பழிவாங்க அவள் கண்டுபிடித்த வழி அது. சந்தோஷமாக இருப்பதே அவளுக்குப் பழிவாங்கல். நோய் அவளிடமிருந்து காபியின் வாசனையை எடுத்துக்கொண்டது, சட்டைப் பொத்தானை எடுத்துக்கொண்டது, சூப் குடிக்கும் கரண்டியைக்கூட எடுத்துக்கொண்டது. சரிவை மட்டும் அதனால் தொட முடியவில்லை. அதனால் தினமும் வந்து அதன் கண்ணெதிரே சறுக்கிக் காட்டினாள். மீட்புக் குழுவின் வருஷாந்தரச் சோதனையிலும் மூன்று வருஷம் தொடர்ந்து தேறினாள்.

லிஃப்டில் ஏறும் வாயில்தான் தொல்லை. அங்கே உறைந்து நிற்பாள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். அவள் பலகைகளின் முன்னால் பனியில் குறுக்காக ஒரு மூங்கில் கழியைப் போடுவேன். தாண்ட ஒரு கோடு கிடைத்துவிட்டால் கால் நகர்ந்துவிடும். நான் லிஃப்டின் வேகத்தைக் குறைப்பேன், அவள் கழியைத் தாண்டி வந்து உட்காருவாள். வரிசையில் நிற்பவர்களுக்கு ஏதோ பழைய வழக்கம் என்று தோன்றும்.

இனி ராய்ஸ் டெர்வோ. நாற்பத்து மூன்று வயது, குன்றின் மேனேஜர். இருபது வயதில் மீட்புக் குழுவில் சேர வந்தான். அன்று சோதனை வைத்தவள் வெர்னா. வண்டியை அவன் இழுத்து வந்த அழகைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும், "உருளைக்கிழங்கு மூட்டையைக்கூட உன்கிட்ட குடுத்தனுப்ப மாட்டேன் தம்பி" என்றாள். அடுத்த வருஷம் தேறிவிட்டான். ஆனால் அந்த மூட்டையை இருபத்து மூன்று வருஷமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தான். மேனேஜர் ஆன பிறகு நெஞ்சில் வாக்கி-டாக்கியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். கழிப்பறைக்குப் போனாலும் கழற்ற மாட்டான்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கூட்டம் நெரிந்தது. ஒரு குழந்தை நாற்காலியில் கோணலாக உட்கார்ந்துவிட்டது, நான் அந்தப் பக்கம் ஓடினேன். வெர்னா வாயிலில் உறைந்துவிட்டாள். கழி போட ஆளில்லை. பின்னால் அறுபது பேர் நின்றார்கள். நான் திரும்பி வருவதற்குள் ராய்ஸ் வந்து சேர்ந்துவிட்டான். இடுப்பில் கைவைத்து, ஒரு வார்த்தை பேசாமல், வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவன் கையை ஆட்டி, காலை இழுத்து, வெர்னா வாயிலில் நின்றதை நடித்துக் காட்டினான். நாலு பேர் சிரித்தார்கள். யார் யாரென்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்றும் அந்த நாலு பேருக்கு நாற்காலி கொஞ்சம் வேகமாகத்தான் வரும். பிறகு அவள் கொக்கியிலிருந்த சிவப்பு ஜாக்கெட்டை எடுத்து, புதிதாகச் சேர்ந்திருந்த பல் டாக்டரிடம் கொடுத்தான். அவளுக்கு ஒரு மஞ்சள் மேலங்கியை நீட்டினான்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், வெர்னா. வாசல்ல நின்னு வர்றவங்களுக்கு வரைபடம் குடு. சிரிச்ச முகமா வரவேத்தா போதும்."

"சிரிக்கணுமா?"

"ஆமா."

"இந்த நோய் முகத்தையும் இறுக்கிடும் ராய்ஸ். எனக்கு இப்பல்லாம் சிரிப்பு வராது. முறைக்கத்தான் வரும்."

ஒன்பது நாள் வாசலில் நின்று எல்லோரையும் முறைத்தபடி வரைபடம் கொடுத்தாள். குழந்தைகள் பயந்து பின்வாசல் வழியாக வந்தன. அவளுக்கு என்ன போயிற்று, ஜாக்கெட் இல்லாமலும் சறுக்கலாமே என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்குப் புரியவில்லை. நோய் எடுத்துக்கொண்டதை அவள் நோயிடம் விட்டுக்கொடுத்தாள், வேறு வழியில்லை. இதை எடுத்தவன் மனுஷன். மனுஷனிடமிருந்து திரும்ப வாங்கலாம்.

"விட மாட்டேன்டா" என்றாள் என்னிடம். "அவன் கையாலயே எழுதித் தரணும். வெர்னா ஹால்மே தகுதியானவள்னு அவன் கையெழுத்துப் போடணும். அதை நான் பாக்கணும்."

குன்று எங்கள் ஊருக்குச் சொந்தம். தாமிரச் சுரங்கம் மூடியபோது வேலை போன சுரங்கத் தொழிலாளிகள் சேர்ந்து மரம் வெட்டி உண்டாக்கியது. நிர்வாகக் குழுவின் தலைவர் எய்னார் கெம்ப்பாவுக்கு எண்பத்தாறு வயது, அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் கடைசி ஆள். வெர்னா அவருக்கு மனு எழுதினாள். மறுபடி சோதனை வையுங்கள், தோற்றால் நானே போய்விடுகிறேன், ஜெயித்தால் ஜாக்கெட் வேண்டும் என்று. குழு ஒப்புக்கொண்டது. தேதியும் நேரமும் குறிப்பது மேனேஜரின் வேலை. ராய்ஸ் குறித்தான்: வரும் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை.

அந்த நேரத்தைக் கேட்டதும் கையிலிருந்த எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தேன். வெர்னா காலை எட்டுக்கு ஒரு மாத்திரை போடுவாள், பன்னிரண்டுக்கு அடுத்தது. பதினொன்றரைக்கு முதல் மாத்திரையின் வேகம் இறங்கிவிடும். அவள் நாளிலேயே மோசமான நேரம் அதுதான். இது ராய்ஸுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன். போன வருஷம், காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது, "மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வெர்னாவுக்கு வேலை குடுக்காதப்பா, மாத்திரை இறங்குற நேரம்" என்று நல்ல எண்ணத்தில் சொல்லித் தொலைத்தேன். அவன் தலையாட்டிக்கொண்டு கேட்டான். இப்போது எடுத்துப் பயன்படுத்திவிட்டான்.

வெர்னாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். நாலு அறை விடுவாள் என்று நினைத்தேன். அவள் கையைக்கூட ஓங்கவில்லை.

"நேரத்தை மாத்தச் சொல்லுவோம். எய்னார்கிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

"வாயை மூடிட்டு இரு. அவன் குறிச்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

அந்த ஒன்பது நாளில் வாசலில் நின்றபடி அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். சுரங்கக்காரர்கள் அந்தக் காலத்தில் தட்டச்சு அடித்து வைத்த குன்றின் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டாள். சனிக்கிழமைக் கூட்டத்தில், எல்லோரும் இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது எழுந்து நின்றாள். கை ஆடியதால் புத்தகத்தை மேஜையில் வைத்துப் படித்தாள். மீட்புக் குழுவில் ஒருவர் தகுதியற்றவர் என்று யார் சொல்கிறாரோ, அவரேதான் அந்தச் சோதனையில் வண்டியில் படுத்து வர வேண்டும். அதற்குப் பிறகு அவர் சொல்வது செல்லும்.

கூடத்தில் இறைச்சியை மெல்லும் சத்தம் நின்றுவிட்டது.

"அதெல்லாம் அறுபது வருஷத்துக்கு முந்தி எழுதினது" என்றான் ராய்ஸ். "இப்ப யாரு அதைப் பாக்கறா?"

எய்னார் பேஸ்டியைக் கீழே வைத்தார். "நான் பாக்கறேன். அதை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன். சுரங்கத்துல ஒருத்தன் முட்டுக் கொடுத்த கூரை சரியில்லன்னு சொன்னா, அதுக்கு அடியில போய் நின்னு காட்டிட்டுத்தான் சொல்லணும். சும்மா வெளியில நின்னு சொல்ற வேலை எங்ககிட்ட கிடையாது. நீதானேப்பா தகுதியில்லன்னு சொன்ன?"

"நான்தான். ஆனா…"

"அப்ப நாளைக்குப் படு."

ராய்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நேரத்தை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். மாற்றாவிட்டால், வெர்னாவின் கை மோசமாக ஆடும் நேரத்தில் அவள் பின்னால் கட்டுண்டு படுக்க வேண்டும். தானே தேடிப் பொறுக்கிக் குறித்த நேரம். நான் இரண்டாவது பேஸ்டி வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது, ஏரி வரை தெளிவாகத் தெரிந்தது. சோதனை எங்கள் குன்றிலேயே மிகச் செங்குத்தான சரிவில். அதற்குக் 'குழி' என்று பெயர், சுரங்கக் குழியின் ஞாபகமாக. மேலே வண்டியைப் பிடித்துக்கொள்ள பல் டாக்டர் போயிருந்தார், வெர்னாவின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கூச்சத்தோடு. அங்கே நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். கம்பளியைப் போர்த்திவிட்டு, பட்டையைக் கட்டுவதற்கு முன் வெர்னா விதிப்படி சொன்னாளாம்:

"வாக்கி-டாக்கியைக் கழட்டிக் குடு ராய்ஸ்."

"அது இருக்கட்டும். நான் மேனேஜர்."

"பட்டை அதுமேல வரும்."

"எனக்குப் பாடம் எடுக்காதே வெர்னா. கட்டு."

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இது. நெஞ்சில் வாக்கி-டாக்கியோடு ஒருவரைப் படுக்கவைத்துக் கட்டினால், பேசும் பொத்தானைப் பட்டை அழுத்திக்கொண்டுவிடும். பிறகு அவர் முனகுவதெல்லாம் குன்று முழுக்க ஒலிபரப்பாகும். மற்ற யாரும் குறுக்கே பேசி நிறுத்தவும் முடியாது. இருபது வயசுப் பையன்கள்கூட மறக்காத விஷயம். மேனேஜர், வெர்னாவின் பேச்சைக் கேட்கக்கூடாது என்ற வீம்பில் மறந்தான். அவன் குரல் அவனுக்கே திரும்பக் கேட்டுவிடக்கூடாது என்று, அவள் முதலில் தன்னுடைய வாக்கி-டாக்கியை அணைத்தாள். பிறகு பட்டையைக் கட்டினாள். பிறகு இன்னும் ஒரு துளை இறுக்கினாள். பல் டாக்டரை முன்னால் இறங்கிப் போகச் சொல்லிவிட்டாள்.

கீழே என் அறையில் ஒலிபெருக்கி கரகரத்தது. காற்றுச் சத்தம், வண்டியின் சங்கிலிச் சத்தம், அப்புறம் ராய்ஸின் மூச்சு. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மோட்டார் பனிவண்டியில் யாரையாவது மேலே அனுப்பி அவனிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். நான் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி, ஜன்னலைத் திறந்து வைத்தேன். கூடத்தின் சமையலறையிலும் ஒரு பெட்டி உண்டு. ஜனங்கள் தட்டோடு வெளியே வந்தார்கள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றது ராய்ஸின் குரல்.

வெர்னாவின் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. "ஏரியைப் பாக்கறேன். இன்னிக்கு நல்லாத் தெரியுது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். குழியின் விளிம்பில், வண்டியின் மூக்கு கீழே நீட்டிக்கொண்டிருக்க, அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"வெர்னா, விளையாடாதே. போ."

"போறேன். அவசரமா?"

"உன் கை ஆடுது. வண்டி பூரா ஆடுது!"

"பதினொண்ணரைக்கு ஆடத்தான் செய்யும். உனக்குத் தெரியாதா?"

ஒலிபெருக்கியில் அவன் கம்பளிக்குள் நெளிகிற சத்தம் வந்தது.

"தெரியுமா தெரியாதா ராய்ஸ்? நான் எவ்வளவு நேரம் வேணாலும் ஏரியைப் பாப்பேன்."

"தெரியும்! போதுமா? வில்ஃப் சொன்னான். தெரிஞ்சுதான் அந்த நேரத்தை வெச்சேன்!"

"எதுக்கு?"

"நீ விழணும்னு! எல்லார் முன்னாடியும் நீ விழணும்னு! நான் இந்தப் பாழாப்போன வண்டியில கிடப்பேன்னு யாருக்குத் தெரியும்?"

அடிவாரத்தில் நூறு பேராவது சிரித்திருப்பார்கள். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எய்னார் மட்டும் சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நாற்காலியில் பாதி வழி போயிருந்தவர்களும் கேட்கட்டும் என்று நான் லிஃப்டையும் நிறுத்திவிட்டேன்.

பிறகு ராய்ஸ் கெஞ்ச ஆரம்பித்தான். பட்டையை அவிழ்த்துவிடு என்றான், ஜாக்கெட்டைத் தந்துவிடுகிறேன் என்றான், எனக்கு இரண்டு பிள்ளைகள் என்றான். வெர்னா பதிலே சொல்லவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. அவள் ரசித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அழவிடு வெர்னா என்று சொல்லிக்கொண்டேன். அப்போது ராய்ஸின் குரல் மாறியது. கெஞ்சல் போய், மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுவதுபோலப் பேசினான்.

"வெர்னா… உண்மையாவே நின்னுட்டியா? கால் வரலையா? ஐயோ. உன் தப்பு இல்லம்மா. பாவம் நீ. நான் யாரையாவது கூப்பிடறேன், அப்படியே இரு. பாவம்…"

சங்கிலி கிறீச்சிட்டது. வண்டி விளிம்பைத் தாண்டியது.

அவள் இறங்கியதை எப்படிச் சொல்வது? வண்டியோடு இறங்குகிறவர்கள் சாதாரணமாகப் பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்து, பயந்து பயந்து வருவார்கள். வெர்னா திருப்பங்களாகவே வந்தாள். இடது, வலது, இடது, வலது. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி அவள் பின்னால் வளைந்து, நழுவாமல், சொல்பேச்சுக் கேட்டு வந்தது. ஒலிபெருக்கியில் ராய்ஸின் அலறல் ஒரே நீளமாகக் கேட்டது. அதன் அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. வெர்னா சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் இறுகிவிட்டது, சிரிப்பு வராது என்று சொன்னவள், குரலால் சிரித்தாள்.

என் அறைக்கு நேர் முன்னால் வண்டியை நிறுத்தினாள். ராய்ஸ் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தான். இவ்வளவு பேர் ஏன் நிற்கிறார்கள் என்று விளங்காமல் விழித்தான். "என்ன, எல்லாரும் சாப்பிடப் போகலையா?" என்றான். அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது. அப்போதுதான் தன் குரலைத் தானே கேட்டான். பட்டைகளை யாரும் அவிழ்க்க முன்வரவில்லை. வெர்னாதான் ஒவ்வொன்றாக, ஆடும் கையால், நிதானமாக அவிழ்த்தாள். அதற்கு நாலு நிமிஷம் ஆயிற்று, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எய்னார் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்தார். "எப்படி இருந்துச்சுப்பா பயணம்?"

ராய்ஸ் தரையைப் பார்த்தான். "சரியா இருந்தது."

"சத்தமா சொல்லு."

"அதான் கேக்குதே எல்லாருக்கும்" என்றாள் வெர்னா.

கையெழுத்துப் போட்டான். பல் டாக்டர் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு, ஸ்வெட்டரோடு குளிரில் நின்றார். நல்ல மனுஷர். அவருக்கு நாற்காலி எப்போதும் மெதுவாக வரும்.

அன்று மத்தியானமே குழு கூடியது. ராய்ஸை வேலையிலிருந்து நீக்குவது என்று பேச்சு வந்தது. வெர்னாவைக் கேட்டார்கள். அவள் வேண்டாம் என்றாள். பெருந்தன்மை என்று சிலர் கைதட்டினார்கள். அவர்களுக்கு வெர்னாவைத் தெரியாது. "அவன் போயிட்டா எனக்கு என்ன சந்தோஷம்?" என்று என்னிடம் சொன்னாள். "இங்கேயே இருக்கட்டும். தினமும் காலையில அவன் ஆபீஸ் ஜன்னலுக்கு நேரா நான் இறங்கணும். அவன் அதைப் பாத்துக்கிட்டே காபி குடிக்கணும்."

கூட்டம் கலைந்தபிறகு அவள் என் அறைக்கு வந்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணி மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கை அடங்கியிருந்தது. நான் காபி கொடுத்தேன். எனக்கு வெற்றிக் களிப்பு இன்னும் தீரவில்லை.

"நல்லா நிக்கவெச்ச அவனை! அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம் இருக்கே, வாயே திறக்காம… எப்படிடி தோணிச்சு உனக்கு?"

அவள் காபியைக் குடிக்கவில்லை.

"ஏரியைப் பாத்தது நான் நிறுத்தினது. அவன் ஒத்துக்கிட்டதும் கிளம்பலாம்னுதான் நினைச்சேன். கால் வரலை."

நான் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினேன்.

"விளிம்புல, வண்டி பின்னாலேர்ந்து தள்ளுது, என்னால ஒரு அங்குலம் நகர முடியலை வில்ஃப். நாப்பது வருஷத்துல சரிவு மேல எனக்கு அப்படி ஆனதே இல்லை. பட்டை மட்டும் கழண்டிருந்தா, கை மட்டும் வழுக்கியிருந்தா, அவன் செத்திருப்பான். ரெண்டு பிள்ளைங்க."

"அப்புறம் எப்படி கிளம்பினே?"

"பாவம்னான் பாரு. அதுல வந்த கோபம்தான் தள்ளிச்சு."

இனிமேல் ஆளை ஏற்றிய வண்டியைத் தொடமாட்டேன் என்றாள். கட்டுப்போடுவேன், கூட இறங்குவேன், வண்டியை மட்டும் சின்னவர்களிடம் கொடுத்துவிடுவேன், ஏனென்று யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் உன் பல்லைப் பல் டாக்டரால்கூட ஒட்டவைக்க முடியாது என்றாள். அவள் இப்போது உயிரோடு இல்லை என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நன்றாக இருக்கிறாள், இன்று காலையும் ஒன்பது முறை இறங்கினாள். ராய்ஸ் போன மாதம் ஊரைவிட்டுப் போய்விட்டான், அதனால் சொல்லிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

அன்று எழுந்து போகும்போது வாசலில் அவள் கால் நின்றது. நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"என்னை நடிச்சுக் காட்டினதைக்கூட ஒருநாள் விட்டுருவேன்டா. ஆனா எனக்குத் தகுதியில்லன்னு அவன் சொன்னது அந்த ரெண்டு நிமிஷம் சரியாப் போச்சு பாரு. அதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்."